ஃபோட்டானுக்கு ஓர் அடிக்கட்டை

ஊட்டியில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "காமா கற்றையை வைத்து அணுக்கருவை ஆராயும் ஆய்வகங்களில், ஆற்றல் இவ்வளவு என்று தெரிந்த ஃபோட்டான்களை எப்படி உண்டாக்குகிறார்கள்? காமாவுக்கு மின்னூட்டம் கிடையாதே, அதை முடுக்கவும் முடியாது, காந்தத்தால் வளைக்கவும் முடியாது. எங்கள் துறையில் இரண்டு அங்குல சோடியம் அயோடைடு டிடெக்டர் இரண்டு இருக்கின்றன. அவற்றை வைத்து இந்தத் திசையில் ப்ராஜெக்ட் ஏதாவது செய்யலாமா? இன்னொன்று, காலையில் பார்த்த பீக் மத்தியானம் வேறு சேனலில் நிற்கிறது. அது ஏன்?"

தாராளமாகச் செய்யலாம். கூடவே ஒரு சோடியம்-22 சோர்ஸ் மட்டும் வேண்டும். ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்தில் பெரிய முடுக்கியை வைத்துச் செய்கிற வேலையின் சாரத்தை உங்கள் லேப் மேசையிலேயே செய்து பார்த்துவிடலாம். எப்படி என்று சொல்வதற்கு முன்னால், அந்த வேலை ஏன் தேவைப்படுகிறது என்பதைப் பார்ப்போம்.

சீசியம்-137 சோர்ஸை டிடெக்டர் முன் வைத்து ஸ்பெக்ட்ரம் எடுத்திருப்பீர்கள். சோர்ஸிலிருந்து வருவது ஒரே ஆற்றல், 661.7 கேஇவி (கிலோ எலெக்ட்ரான்வோல்ட்; ஆயிரம் கேஇவி ஓர் எம்இவி, ஆயிரம் எம்இவி ஒரு ஜிஇவி). திரையில் தெரிவதோ ஒரு பீக், அதற்கு இடப்பக்கம் 477 கேஇவியில் சரியும் காம்ப்டன் மேடு, 184 கேஇவி அருகே பின்சிதறல் திமில் (சுற்றியுள்ள பொருளில் பட்டுத் திரும்பி வந்த ஃபோட்டான்கள்). ஃபோட்டான் தன் ஆற்றல் முழுவதையும் படிகத்தில் விட்டால்தான் பீக்கில் விழும். ஒரு எலெக்ட்ரானைத் தட்டிவிட்டு மீதி ஆற்றலோடு வெளியே ஓடிவிட்டால், டிடெக்டர் அந்தத் தட்டிவிட்ட பங்கை மட்டுமே காட்டும். ஆகவே 300 கேஇவி துடிப்பு ஒன்று வந்தால், அது 300 கேஇவி ஃபோட்டானா, 662-இல் பாதியைத் தொலைத்த ஃபோட்டானா என்று அந்தத் துடிப்பை மட்டும் பார்த்துச் சொல்ல வழியே இல்லை. ஒரே ஆற்றல் உள்ள சோர்ஸுக்கே இந்த நிலை. ஆற்றல் தொடர்ச்சியாகப் பரவிய கற்றை வந்தால் டிடெக்டரை மட்டும் நம்பி ஒன்றும் செய்ய முடியாது. வந்த ஃபோட்டானைப் பற்றி வேறொரு சாட்சி வேண்டும்.

அந்தச் சாட்சியைப் பெறும் முதல் வழி இது. எலெக்ட்ரான் கற்றையை மிக மெல்லிய தகட்டின் மேல் விடுகிறார்கள். எலெக்ட்ரான் அணுக்கருவை ஒட்டிப் போகும்போது வேகம் குறைந்து ஒரு ஃபோட்டானை உமிழ்கிறது. இதுதான் பிரம்ஸ்ட்ராலுங், தடைக்கதிர். இதன் ஸ்பெக்ட்ரம் தொடர்ச்சியானது. எண்ணிக்கை ஆற்றலுக்கு ஏறக்குறையத் தலைகீழ் விகிதத்தில் குறையும், அதாவது ஆற்றல் குறைந்தவையே ஏராளம். ஆனால் உள்ளே போன எலெக்ட்ரானின் ஆற்றல் முடுக்கியை இயக்குபவருக்குத் தெரியும். வெளியே வந்த எலெக்ட்ரானைக் காந்தத்தில் வளைத்து, அது எங்கே போய் விழுகிறது என்று பார்த்தால் அதன் ஆற்றலும் தெரிந்துவிடும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஃபோட்டான் எடுத்துப் போயிருக்கிறது. ரசீதைக் கிழித்துக் கொடுத்த பிறகு புத்தகத்தில் அடிக்கட்டை மிஞ்சுகிறதல்லவா, அந்த அடிக்கட்டைதான் இந்த எலெக்ட்ரான். ரசீது எங்கே போனாலும் தொகை அடிக்கட்டையில் இருக்கும். இந்த முறைக்கு டேகிங் என்று பெயர். மைன்ஸில் உள்ள மாமி முடுக்கி 1.6 ஜிஇவி வரை எலெக்ட்ரான் தருகிறது. காந்தத்தின் குவிதளத்தில் துகள் பட்டால் ஒளிரும் மெல்லிய சிண்டிலேட்டர் பட்டைகள் பல நூறை வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். எது துடித்தது என்பதே ஃபோட்டானின் ஆற்றலைச் சொல்லிவிடும். அமெரிக்காவின் ஜெஃபர்சன் ஆய்வகத்தில் 12 ஜிஇவி எலெக்ட்ரானை மெல்லிய வைரத் தகட்டில் விட்டு, 9 ஜிஇவி அருகே முனைவாக்கம் பெற்ற (மின்புலம் ஒரே தளத்தில் ஆடும்) ஃபோட்டான்களைப் பெறுகிறார்கள். வைரத்தின் படிக அடுக்கு ஒழுங்காக இருப்பதால் சில ஆற்றல்களில் மட்டும் உமிழ்வு கூடுகிறது. அதற்காகத்தான் வைரம்.

கேட்பதற்கு எளிது. நடைமுறையில் இரண்டு இடத்தில் இடிக்கும். முதலாவது, தற்செயல் பொருத்தம். இலக்கில் ஒரு நிகழ்வு நடந்த அதே 10 நானோநொடிக்குள் துடித்த எலெக்ட்ரானைத்தான் அதன் அடிக்கட்டை என்று எடுத்துக்கொள்கிறோம். ஒரு சிண்டிலேட்டர் பட்டையில் நொடிக்கு 10 லட்சம் எலெக்ட்ரான் விழுந்தால், சம்பந்தமே இல்லாத ஒன்று அந்த 10 நானோநொடிக்குள் வந்து நிற்க 100-க்கு 1 வாய்ப்பு. பட்டைகள் எல்லாம் சேர்ந்து நொடிக்கு 10 கோடி என்று போனால், எந்த 10 நானோநொடியைத் திறந்து பார்த்தாலும் சராசரியாக ஓர் அந்நிய எலெக்ட்ரான் உள்ளே இருக்கும். கற்றையைக் கூட்டினால் டேட்டா கூடும் என்று நினைப்பது இங்கே பொய்த்துப்போகிறது. உண்மைப் பொருத்தம் கற்றையின் செறிவுக்கு நேர் விகிதத்தில் ஏறும், தற்செயல் பொருத்தமோ அதன் வர்க்கத்துக்கு ஏறும். கற்றை தொடர்ச்சியாக வராமல் துடிப்பு துடிப்பாக வந்தால் இன்னும் மோசம். அத்தனை எலெக்ட்ரானும் ஒரே நேரத்தில் நெருக்கியடித்து வரும். டேகிங் வேலைக்குத் தொடர் கற்றை தரும் முடுக்கியை விரும்புவது இதனால்தான்.

இரண்டாவது, அடிக்கட்டை இருந்தும் ரசீது போய்ச் சேராத நிலை. ஃபோட்டான் கற்றையைச் சன்னமாக்க ஈயத்திலோ டங்ஸ்டனிலோ துளையிட்ட காலிமேட்டர் வைக்கிறார்கள். துளைக்கு வெளியே போன ஃபோட்டான் அங்கேயே முடிந்துவிடும், ஆனால் அதன் எலெக்ட்ரான் எண்ணப்பட்டுவிட்டது. எண்ணிய எலெக்ட்ரான்களில் எத்தனை பங்குக்கு ஃபோட்டான் உண்மையிலேயே இலக்கை அடைந்தது என்பதைத் தனியாக அளக்க வேண்டும். கற்றையை வெகுவாகக் குறைத்துவிட்டு, ஏறக்குறைய எல்லா ஃபோட்டானையும் பிடித்துவிடும் ஈயக்கண்ணாடி டிடெக்டர் ஒன்றைக் கற்றையிலேயே நேராக வைத்து அளப்பார்கள். இந்த எண்ணில் வரும் பிழை, வினை நடக்கும் வாய்ப்பின் அளவான குறுக்குவெட்டில் அப்படியே வந்து உட்காரும். நல்ல குழுக்கள் இதைத் திரும்பத் திரும்ப அளப்பதைப் பார்க்கலாம்.

அடுத்த வழி லேசர். சேமிப்பு வளையத்தில், அதாவது எலெக்ட்ரான்களைத் தொடர்ந்து சுற்றவிடும் காந்த வளையத்தில், ஓடும் எலெக்ட்ரானுக்கு நேர் எதிராக லேசர் ஒளியை அனுப்பினால், காம்ப்டன் சிதறலில் ஒளி ஃபோட்டான் காமாவாகத் திரும்பி வருகிறது. எலெக்ட்ரானின் ஆற்றலை அதன் ஓய்வு ஆற்றலான 0.511 எம்இவியால் வகுத்தால் கிடைப்பது லாரன்ட்ஸ் காரணி. அந்தக் காரணியின் வர்க்கத்தை 4-ஆல் பெருக்கி, லேசர் ஃபோட்டானின் ஆற்றலால் பெருக்கினால் உச்ச ஆற்றல் வந்துவிடும். 1 ஜிஇவி எலெக்ட்ரானுக்குக் காரணி சுமார் 1957. 1064 நானோமீட்டர் லேசரின் ஃபோட்டான் 1.165 எலெக்ட்ரான்வோல்ட். எலெக்ட்ரானின் பின்னுதைப்புக்குச் சிறு திருத்தம் செய்தால் 17.5 எம்இவி. ஒன்றரைக் கோடி மடங்கு! ஜப்பானின் நியூசுபாரு வளையத்தில் இந்த அளவிலான ஆற்றல்கள்தான் புழக்கம். ஷாங்காய் வளையத்தில் எலெக்ட்ரான் 3.5 ஜிஇவி, ஆனால் லேசர் 10.64 மைக்ரோமீட்டர் கரியமில வாயு லேசர். கணக்குப் போட்டுப் பாருங்கள், 21.7 எம்இவி வரும். அங்கே எலெக்ட்ரானை மாற்றாமல் லேசர் மோதும் கோணத்தை மாற்றி ஆற்றலை மாற்றுகிறார்கள். ஸ்பிரிங்-8 வளையத்தில் 8 ஜிஇவி எலெக்ட்ரானும் 351 நானோமீட்டர் லேசரும். அங்கே பின்னுதைப்பு பெரிது, வெறும் வர்க்கக் கணக்கு 3.46 ஜிஇவி தரும் இடத்தில் உண்மையில் கிடைப்பது 2.4 ஜிஇவி. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள காமா வசதியும் இதே தத்துவத்தில் ஓடுகிறது. அங்கே லேசர் ஒளியே அந்த வளையத்து எலெக்ட்ரான்களிடமிருந்து பிறப்பது.

லேசர் முறையில் எனக்குப் பிடித்த அம்சம், ஆற்றலைக் கோணமே முடிவு செய்வது. நேர் நடுவில் வருவதுதான் உச்ச ஆற்றல், விலக விலகக் குறையும். ஆக, நடுவில் சின்னத் துளை வைத்தால் போதும், ஒற்றை ஆற்றல் கற்றை. மேலே சொன்ன 1 ஜிஇவி உதாரணத்தில், 20 மீட்டர் தள்ளி 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளை வைத்தால் ஆற்றல் பரவல் சுமார் 1 சதவீதம். அந்தத் துளை நடுவிலிருந்து ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகி நின்றால் பரவல் 4 சதவீதத்துக்கு ஏறிவிடும், பீக்கின் இடப்பக்கம் வால் நீளும். வளையத்து எலெக்ட்ரான் கற்றையே சற்றுப் பரந்து ஓடினால், துளையை எவ்வளவு சன்னமாக்கினாலும் அதற்குக் கீழே பரவல் இறங்காது. துளையைச் சின்னதாக்கிக்கொண்டே போனால் எண்ணிக்கை குறைந்து கைக்கு ஒன்றும் மிஞ்சாது என்பது வேறு.

பழைய வழி ஒன்றும் உண்டு. எலெக்ட்ரானின் எதிர்த்துகளான பாசிட்ரானின் கற்றை பறக்கும்போதே அழிந்து ஃபோட்டானாவது. பிரான்சின் சக்லேயிலும் அமெரிக்காவின் லிவர்மோரிலும் இப்படிச் செய்து, காமா பட்டு நியூட்ரான் வெளியேறும் வினைகளை ஏராளமான தனிமங்களுக்கு அளந்தார்கள். ஒரே அணுக்கருவுக்கு இரண்டு இடத்து எண்களும் பல நேரம் ஒத்துப்போகவில்லை. நியூட்ரான் ஒன்று வந்ததா, இரண்டு வந்ததா என்று பிரிப்பதில்தான் கோளாறு. வந்தவை இரண்டாக இருந்து, டிடெக்டர் ஒன்றை மட்டும் பிடித்தால், அது ஒற்றை நியூட்ரான் கணக்கில் ஏறிவிடும். பிடிக்கும் திறன் நியூட்ரானின் ஆற்றலைப் பொறுத்து மாறுவதால் திருத்தமும் எளிதல்ல. கற்றை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் டிடெக்டரின் செயல்திறன் தெரியாவிட்டால் எல்லாம் வீண் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அந்த அளவீடுகளை லேசர் கற்றைகளை வைத்து இப்போது மறுபடியும் எடுத்திருக்கிறார்கள்.

டிடெக்டர் வகைகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன், பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். சோடியம் அயோடைடு 662 கேஇவியில் 7 சதவீதம் அளவுக்குப் பிரித்துக் காட்டும், அதாவது பீக்கின் அகலம் அதன் ஆற்றலில் 7 சதவீதம். லாந்தனம் புரோமைடு 3 சதவீதம், வேகமும் அதிகம், ஆனால் அதற்குள்ளேயே லாந்தனம்-138 இருப்பதால் எந்தச் சோர்ஸும் இல்லாமலே 1436 கேஇவி காமாவை எண்ணிக்கொண்டிருக்கும். தூய ஜெர்மானியம் 1332 கேஇவியில் 2 கேஇவி வரை கூர்மையாகப் பிரிக்கும், பதிலுக்குத் திரவ நைட்ரஜன் கேட்கும். டெல்லி, மும்பை, கொல்கத்தா முடுக்கிகளுக்கு முறை வைத்துப் போய்வரும் ஐ.என்.ஜி.ஏ. என்ற தேசிய காமா வரிசை, காம்ப்டன் தடுப்பு (ஆற்றலை முழுதாக விடாமல் வெளியே ஓடிய ஃபோட்டானைக் கண்டு அந்தத் துடிப்பைத் தள்ளிவிடும் கவசம்) வைத்த, நான்கு படிகம் சேர்ந்த ஜெர்மானியம் க்ளோவர் டிடெக்டர்களால் ஆனது. நூற்றுக்கணக்கான எம்இவிக்குப் போனால் கதையே மாறிவிடும். அங்கே ஃபோட்டான் எலெக்ட்ரான்-பாசிட்ரான் பொழிவாக உடைகிறது, அந்தப் பொழிவு முழுவதையும் விழுங்கும் ஆழம் வேண்டும். மைன்ஸில் உள்ள கிரிஸ்டல் பால் 672 சோடியம் அயோடைடு படிகங்களால் ஆன கோளம், ஒவ்வொன்றும் சுமார் 40 சென்டிமீட்டர் நீளம். உங்கள் மேசையில் இருப்பதும் அதே பொருள்தான், நீளம் 5 சென்டிமீட்டர்.

உங்கள் ஊரிலேயே இருக்கும், காஸ்மிக் கதிர்களை அளக்கும் கிரேப்ஸ்-3 பற்றியும் சொல்லியாக வேண்டும். சுமார் 2200 மீட்டர் உயரத்தில், ஏறக்குறைய 400 பிளாஸ்டிக் சிண்டிலேட்டர்கள், ஒவ்வொன்றும் ஒரு சதுர மீட்டர், 8 மீட்டர் இடைவெளியில் அறுகோண அமைப்பில். கூடவே 560 சதுர மீட்டருக்கு மியுயான் (எலெக்ட்ரானைப் போன்ற, ஆனால் கனமான துகள்) தொலைநோக்கி. 6 மீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் சதுர வாயும் கொண்ட இரும்புக் குழாய்கள் 3712, உள்ளே ஆர்கானும் மீத்தேனும் கலந்த வாயு, நடுவில் ஒரு மெல்லிய கம்பி. மேலே கான்கிரீட் அடுக்கு, 1 ஜிஇவிக்குக் குறைந்த மியுயான் அதைத் தாண்டாது. இங்கே கற்றை வானத்திலிருந்து இலவசமாக வருகிறது, ஆனால் அடிக்கட்டை கிடையாது. வந்த துகள் காமாவா புரோட்டானா, ஆற்றல் எவ்வளவு என்று யாரும் எழுதித் தருவதில்லை. அதனால் அது காற்றில் மோதி உண்டாக்கும் துகள் பொழிவு எந்தெந்த சிண்டிலேட்டரை எத்தனை நானோநொடி வித்தியாசத்தில் தொட்டது என்பதிலிருந்து திசையையும், துகள் அடர்த்தியிலிருந்து ஆற்றலையும், மியுயான் எண்ணிக்கையிலிருந்து இனத்தையும் கணிக்கிறார்கள். காமாவால் வந்த பொழிவில் மியுயான் குறைவு. 2014 டிசம்பர் 1-ஆம் தேதி ஊட்டிக்கு மேலே வந்த இடிமேகம் மியுயான் எண்ணிக்கையைக் குறைத்ததை வைத்து, அந்த மேகத்தில் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததாகக் கணக்கிட்டு 2019-இல் வெளியிட்டார்கள். ஒரே நேரத்தில் எது எதோடு துடித்தது என்று பார்க்கும் கலைதான் அங்கேயும் மைன்ஸிலும். அதைத்தான் நீங்கள் மேசையில் பழகப் போகிறீர்கள்.

சோடியம்-22 பாசிட்ரானை வெளியிடும். அது சோர்ஸின் உறையிலேயே நின்று ஓர் எலெக்ட்ரானோடு அழியும்போது இரண்டு ஃபோட்டான்கள் பிறக்கும். இரண்டும் 511 கேஇவி, நேரெதிர்த் திசையில். ஒன்றைப் பிடித்துவிட்டால், மற்றொன்று எந்தத் திசையில், எந்த ஆற்றலில், எந்த நொடியில் போனது என்று தெரிந்துவிடும். இதுவே உங்கள் அடிக்கட்டை. முடுக்கி இல்லாத, டேக் செய்த ஃபோட்டான் கற்றை.

முதலில் சோர்ஸின் தேதியைப் பாருங்கள். அரை ஆயுள் 2.6 ஆண்டுகள்தான். பத்தாண்டுக்கு முன் 1 மைக்ரோகியூரி என்று வாங்கியது இப்போது 7 சதவீதம்தான் மிஞ்சியிருக்கும். புதிதாக வாங்குவதாக இருந்தால் மூடிய வட்டு சோர்ஸாக, துறை வழியாக, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிப்படி வாங்குங்கள். 1 மைக்ரோகியூரி, அதாவது 37,000 பெக்கரெல், இந்த வேலைக்குப் போதும்.

டிடெக்டர் 'அ'-வை சோர்ஸிலிருந்து 30 சென்டிமீட்டரில் வையுங்கள். 'ஆ'-வை எதிர்ப்பக்கம் 15 சென்டிமீட்டரில். தூரம் சமமாக இருக்கக்கூடாது, காரணம் உண்டு. தூரத்தில் இருக்கும் 'அ' ஒரு குறுகிய கூம்பை வரையறுக்கிறது, அரைக்கோணம் சுமார் 5 டிகிரி. அதன் ஜோடிகள் எதிர்ப்பக்கம் அதே கூம்பில் போகும். பக்கத்தில் இருக்கும் 'ஆ' 10 டிகிரி வரை மறைக்கிறது, அதனால் ஜோடி எதுவும் ஓரத்தில் நழுவாது. சமதூரத்தில் வைத்தால் ஓரத்து ஃபோட்டான்கள் படிகத்தின் விளிம்பில் பட்டும் படாமலும் போகும், அப்போது நீங்கள் அளப்பது செயல்திறனும் அல்ல, வடிவியலும் அல்ல, இரண்டின் கலப்படம். மூன்றையும் ஒரே கோட்டில் வைக்க, கொத்தனார் நூல் பிடிப்பதுபோல் ஒரு நூலைக் கட்டி, இரண்டு படிகங்களின் நடுவும் சோர்ஸின் நடுவும் அதில் உட்காருகிறதா என்று பாருங்கள். சோர்ஸ் 2 மில்லிமீட்டர் விலகினாலும் பாதகமில்லை. 2 சென்டிமீட்டர் விலகினால் தெரியும்.

ஹை வோல்டேஜை டிடெக்டரின் சீட்டில் எழுதியிருக்கும் அளவுக்கு மெதுவாக ஏற்றுங்கள், அரை மணி நேரமாவது விட்டுவிட்டுத் தொடங்குங்கள். 511 கேஇவியும், சோடியம்-22 கூடவே வெளியிடும் 1274.5 கேஇவி காமாவும் ஒரே சோர்ஸிலிருந்து வருவதால் ஆற்றல் அளவுகோல் அங்கேயே கிடைத்துவிடும். 'அ'-வில் 470 முதல் 552 கேஇவி வரை மட்டும் அனுமதிக்கும்படி சாளரம் வையுங்கள், இதுதான் டேக். 'ஆ'-வின் த்ரெஷோல்டை (இதற்குக் கீழான துடிப்பு எண்ணப்படாது) இரைச்சலுக்குச் சற்று மேலே, 30 கேஇவி அளவில் வையுங்கள். கோயின்சிடன்ஸ் சாளரம், அதாவது இரண்டும் ஒன்றாகத் துடித்தன என்று எடுத்துக்கொள்ளும் நேர இடைவெளி, 1 மைக்ரோநொடி இருந்தால் தாராளம். 'அ'-வில் நொடிக்கு 40, 50 டேக் வரும், 'ஆ'-வில் எல்லாம் சேர்த்து நொடிக்குச் சில நூறு. பெருக்கிப் பாருங்கள், தற்செயல் பொருத்தம் நொடிக்கு 0.1-ஐக்கூடத் தொடாது. முடுக்கி ஆட்கள் கனவு காணும் நிலைமை இது. தற்செயல் எப்படி வளர்கிறது என்று பார்க்க ஆசையிருந்தால், ஒரு துடிப்பைச் சில மைக்ரோநொடி தாமதப்படுத்தி எண்ணுங்கள். மிஞ்சுவது முழுக்கத் தற்செயல்தான்.

இப்போது, டேக் ஆனவற்றில் எத்தனை பங்குக்கு 'ஆ'-வும் துடித்தது என்ற விகிதமே 511 கேஇவியில் 'ஆ'-வின் மொத்தச் செயல்திறன். சோர்ஸின் வீரியம் எவ்வளவு என்று தெரிய வேண்டியதே இல்லை என்பதுதான் இதன் அழகு. 5.08 சென்டிமீட்டர் படிகத்துக்கு 0.8-ஐச் சற்றுத் தாண்டி வரவேண்டும், உறையும் த்ரெஷோல்டும் கொஞ்சம் தின்றுவிடும். முதல் முறை எடுக்கும்போது அதைவிடவும் சில சதவீதம் குறைவாகத்தான் வரும். டிடெக்டர் பழுது என்று நினைத்துவிடாதீர்கள். 'அ'-வின் சாளரத்துக்குள் 511 மட்டும் விழவில்லை. 1274.5 கேஇவி காமாவின் காம்ப்டன் மேடு 1060 கேஇவி வரை நீண்டு கிடக்கிறது, அதன் ஒரு துண்டும் அறையின் பின்னணியும் அதே சாளரத்தில் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றுக்கு எதிர்ப்பக்கத்தில் ஜோடி கிடையாது. ரசீது இல்லாத அடிக்கட்டைகள்! மைன்ஸில் காலிமேட்டர் விழுங்கிய ஃபோட்டான்களின் எலெக்ட்ரானும் இதுவும் ஒரே சிக்கல். தீர்வு: சாளரத்தை அதே அகலத்தில் 580 முதல் 662 கேஇவிக்கு நகர்த்தி இன்னொரு முறை எண்ணுங்கள். டேக் எண்ணிக்கையிலிருந்தும் பொருத்த எண்ணிக்கையிலிருந்தும் இரண்டையுமே கழித்து, பிறகு விகிதம் எடுங்கள். ஒன்றில் மட்டும் கழித்தால் விடை தவறும். அறையில் சீசியம் சோர்ஸ் இருந்தால் இந்தப் பக்கச் சாளரம் கெட்டுவிடும், வேறு அறைக்கு எடுத்துப் போய்விடுங்கள்.

சரிபார்க்க, சோர்ஸை மையமாக வைத்து 'ஆ'-வை 20 டிகிரி திருப்புங்கள். இரண்டு கூம்பும் விலகிவிடுவதால் பொருத்தம் அநேகமாகச் சுழிக்கு விழ வேண்டும். விழாவிட்டால் மேசைமேல் ஈயக்கட்டி ஏதாவது நின்று ஃபோட்டானைச் சிதறடிக்கிறதா, இரண்டு சேனலுக்கும் மின்னிரைச்சல் ஒன்றாகப் புகுகிறதா என்று தேடுங்கள். பிறகு 'ஆ'-வை நேராக்கி, சோர்ஸுக்கும் 'ஆ'-வுக்கும் இடையே ஈயத் தகடுகளை வையுங்கள். 4 மில்லிமீட்டருக்குப் பாதியாகக் குறையும். சாதாரணமாக உறிஞ்சல் குணகம் அளக்கும்போது பின்னணி தொல்லை தரும், இங்கே டேக் இருப்பதால் அது வெளியே நின்றுவிடும். இதே சோதனையை ஆற்றலை மாற்றி மாற்றி, அணுக்கரு உறிஞ்சும் பகுதிக்குக் கொண்டுபோனால் அதுவே ஃபோட்டான் ஆய்வகத்தின் அன்றாட வேலை. ஈயம்-208-இல் 13.5 எம்இவி அருகே வரும் பெரிய இருமுனை ஒத்ததிர்வை (அணுக்கருவின் புரோட்டான்களும் நியூட்ரான்களும் எதிரெதிராக ஆடுவது) பார்ப்பதும் தத்துவத்தில் இதுதான்.

இனி பீக் நகர்வது. மலைமேல் இது அன்றாடத் தொல்லை. டிசம்பர், ஜனவரியில் ராத்திரி உறைபனி, மத்தியானம் 20 டிகிரி. படிகம் தரும் ஒளியும் ஒளிப்பெருக்கிக் குழாயின் பெருக்கமும் வெப்பத்தோடு மாறும். ஒரு டிகிரிக்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவுதான், ஆனால் பத்துப் பதினைந்து டிகிரி சேரும்போது பீக் பல சதவீதம் நகர்ந்து, நீங்கள் வைத்த 511 சாளரத்தின் ஓரத்தில் போய் நிற்கும். ஹை வோல்டேஜும் அப்படியே. குழாயின் பெருக்கம் வோல்டேஜின் ஏழாம் அடுக்கைப் போல ஏறுவதால், அது 1 சதவீதம் ஆடினால் பீக் 7 சதவீதம் ஆடும். கரன்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறும் நேரத்தில் எடுத்த டேட்டாவைத் தனியாக எடுத்துவையுங்கள். ஆன்லைன் யூ.பி.எஸ். இருந்தால் நல்லது. டிடெக்டர்களைத் தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்தால் அறை மாறினாலும் படிகம் மெதுவாகத்தான் மாறும். பெட்டிக்குள் ஒரு தெர்மாமீட்டர், அரை மணிக்கு ஒரு குறிப்பு. எப்போதும் கூடவே இருக்கும் ஓர் ஆணி வேண்டுமானால், சுவரிலிருந்தே வரும் பொட்டாசியம்-40-இன் 1460.8 கேஇவி பீக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மணி நேர டேட்டாவையும் அதை வைத்துத் திருத்தலாம்.

கீழேயிருந்து டிடெக்டர் கொண்டுவரும்போது இன்னும் கவனம் வேண்டும். சோடியம் அயோடைடு படிகம் திடீர் வெப்ப மாற்றத்தைத் தாங்காது, மணிக்கு 8 முதல் 10 டிகிரிக்கு மேல் போனால் விரிசல் விடலாம். மேட்டுப்பாளையத்தில் 35 டிகிரியில் வண்டியில் ஏற்றி, ஊட்டியில் 10 டிகிரியில் இறக்கி உடனே பெட்டியைப் பிரிப்பது படிகத்தை உடைக்கும் வழி. தெர்மாகோல் பெட்டியோடு ஒரு ராத்திரி அப்படியே விட்டுவிட்டு மறுநாள் பிரியுங்கள். இந்தப் படிகம் ஈரத்தையும் உறிஞ்சும். உறையில் கசிவு இருந்தால் படிகம் மஞ்சளித்து, பீக் அகலமாகிக்கொண்டே போகும். 662-இல் 7 சதவீதம் காட்டியது மழைக்காலம் முடிந்ததும் 10, 11 காட்டினால் சந்தேகப்படுங்கள். சிலிக்கா ஜெல் பையைப் பெட்டிக்குள் வைத்து, நிறம் மாறியதும் காயவைத்துத் திரும்ப வையுங்கள்.

குளிர்ந்த கனெக்டர்மேல் காலை ஈரக்காற்று பட்டுத் துளி கோர்க்கும். அந்த நேரத்தில் ஹை வோல்டேஜ் போட்டால் மேற்பரப்பில் மின்கசிவு. ஸ்பெக்ட்ரத்தின் அடிப்பகுதியில் இரைச்சல் கொத்துக் கொத்தாக வந்து போகும். ஊட்டியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைவு என்பதால், காற்று இடைவெளியில் பொறி தாவுவதும் எளிது. இணைப்பைக் கழற்றும் முன் வோல்டேஜைச் சுழிக்கு இறக்கி, கனெக்டரை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள்.

பின்னணியை ஒரே ஒரு நாள் அளந்துவிட்டு ஆண்டு முழுவதும் கழிக்காதீர்கள். குளிருக்கு ஜன்னலை மூடி வைத்த அறையில் ரேடான் என்ற கதிரியக்க வாயு சேரும், அதன் சிதைவில் வரும் பிஸ்மத்-214-இன் 609, 1764 கேஇவி பீக்குகள் உயரும். மழை பெய்யும்போது காற்றில் இருக்கும் ரேடானின் வாரிசுகளைத் துளிகள் கழுவித் தரைக்குக் கொண்டுவருவதால் பின்னணி சட்டென்று ஏறும். ஈயம்-214-க்கு அரை ஆயுள் 27 நிமிடம், பிஸ்மத்-214-க்கு 20 நிமிடம். மழை நின்று இரண்டு, மூன்று மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். 3 எம்இவிக்கு மேலே நீங்கள் பார்ப்பதெல்லாம் பெரும்பாலும் வானத்திலிருந்து வருவது. படிகத்தைக் குறுக்கே கடக்கும் மியுயான் ஒன்று 24 எம்இவி அளவுக்கு விட்டுவிட்டுப் போகும். ஃபோட்டான் ஆய்வகங்களில் டிடெக்டருக்கு மேலே பிளாஸ்டிக் சிண்டிலேட்டர் பலகை போட்டு, இரண்டும் சேர்ந்து துடித்தால் தள்ளிவிடுவது இதற்காகத்தான். உங்கள் 511 சாளரத்துக்கு அது தேவையில்லை. ஆனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை எடுக்கும் ஒவ்வொரு ஓட்டத்துக்கும், மழை எத்தனை மணிக்குத் தொடங்கியது, எத்தனை மணிக்கு நின்றது என்று நோட்டில் எழுதிவையுங்கள். மழை நேரத்து டேட்டாவில் 580 முதல் 662 வரையிலான பக்கச் சாளரத்துக்குள் அந்த 609 பீக் நேராக வந்து விழும்.